ஆர்கன் தொழிற்சாலையிலிருந்து அடுக்குமாடி வீடு வரை: வீட்டுக் காக்பிட் வந்த கதை



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ் வீட்டுக்காரர். "சார், இந்த நேரத்துல கிரைண்டர் போட்டிருக்கீங்களா? எங்க ஹால் ஃபேன் வரைக்கும் அதிருது" என்றார். கிரைண்டர் இல்லை. என் நாற்காலிக்கு அடியில் புதிதாகப் பொருத்தியிருந்த அதிர்வுக் கருவி அது. விமானம் ஓடுபாதையில் ஓடும்போது நிஜம்போல நாற்காலி அதிர வேண்டும் என்பதற்காக வாங்கியது. அந்த அதிர்வு கான்கிரீட் தளம் வழியாக அவர் வீட்டுக்கும் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உள்ளே அழைத்துக் காட்டினேன். பத்துக்குப் பத்து அறையில் மரப்பலகையால் செய்த ஒரு விமானி அறை, மூன்று திரைகள், ஸ்விட்சுகள், கைப்பிடிகள், கால் மிதிகள். கோபமாக வந்தவர் அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: "என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. பைலட் ஆகணும்னு ஒரே பிடிவாதம். இதுமாதிரி ஒண்ணு செஞ்சு கொடுத்தா அவளுக்கு உபயோகமா இருக்குமா, இல்ல இதுவும் ஒரு வீடியோ கேம்தானா?"

அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இந்தக் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பீப்பாயும் துருத்தியும்

விமானம் பறக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, தரையில் உட்கார்ந்து பழகுவதற்கும் கருவி செய்துவிட்டார்கள். 1910 வாக்கில் பிரான்சில் ஆன்டுவானெட் என்ற விமானத்துக்காக ஒரு பயிற்சிக் கருவி இருந்தது. பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் பாதியில் மாணவரை உட்கார வைப்பார்கள். உதவியாளர்கள் கையால் அதைச் சாய்ப்பார்கள். மாணவர் சக்கரங்களைத் திருப்பி அதை நேராக்க வேண்டும். அவ்வளவுதான். இன்று கோடிக்கணக்கில் விலை போகும் சிமுலேட்டர்களின் மூதாதை இந்தப் பீப்பாய்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். 1904-இல் பிறந்தவர். அவருடைய தந்தை நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். 1920-இல் லிங்க் தன் முதல் விமானப் பாடத்துக்கு 50 டாலர் கட்டினார். விமானத்தை ஓட்டியவர் சிட்னி சாப்ளின். நாம் அறிந்த சார்லி சாப்ளினின் அண்ணன்தான். ஒரு மணி நேரம் குட்டிக்கரணம் அடித்துக் காட்டி இறக்கிவிட்டார். கட்டுப்பாட்டுக் கருவியை இளைஞர் லிங்க் ஒருமுறைகூடத் தொடவில்லை. காசு கொடுத்தும் கற்றது ஒன்றுமில்லையே என்ற அந்த ஆதங்கம் அவரை விடவில்லை.

தொழிற்சாலையின் அடித்தளத்தில் 1927 முதல் ஒன்றரை ஆண்டு உழைத்து, ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். அதை ஆட்டி அசைத்தது ஆர்கனின் துருத்திகள். நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சுருதிப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துருத்தி விரிந்து சுருங்கும்போது காற்று ஸ்வரமாகிறது. லிங்க் செய்த கருவியில் மின்விசையால் இயங்கும் பம்ப் காற்றை உறிஞ்சி எடுக்க, துருத்திகள் விரிந்தும் சுருங்கியும் விமானத்தைச் சாய்த்தன, தூக்கின, இறக்கின. கைப்பிடியை எந்தப் பக்கம் அசைத்தாலும் அதற்கேற்ற வால்வு திறக்கும். ஆர்கன் வாசிப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமே இல்லை.

1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் வாங்க ஆள் இல்லை. விமானப் பள்ளிகள் இதைப் பொம்மை என்று ஒதுக்கின. வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள்தான். குடைராட்டினத்துக்குப் பக்கத்தில், காசு போட்டால் ஆடும் விமானமாக அது நின்றது. கீழ் வீட்டுக்காரர் கேட்ட "கேம்தானா?" என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

1934-இன் குளிர்காலம்

அந்தக் கேள்விக்கான பதில் மிகக் கசப்பான விதத்தில் வந்தது. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் விமான நிறுவனங்களுடன் இருந்த தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். ஒப்பந்தம் கொடுத்ததில் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. தபால் சுமக்கும் பொறுப்பு ராணுவ விமானப் படையிடம் வந்தது.

ராணுவ விமானிகள் துணிச்சல்காரர்கள். ஆனால் அவர்களில் பலருக்கு இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி போதுமான அளவு இல்லை. அந்த ஆண்டு குளிரோ மிகக் கடுமை. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் விபத்துகளில் இறந்தார்கள். நாடே கொதித்தது.

அப்போதுதான் ராணுவத்துக்கு லிங்க்கின் நினைவு வந்தது. அவருடைய கருவியைப் பார்க்க நுவார்க் விமானத் தளத்தில் அதிகாரிகள் கூடினார்கள். அன்று அடர்ந்த மூடுபனி. இந்த வானிலையில் அவர் வரப்போவதில்லை என்று அதிகாரிகள் கிளம்ப எத்தனித்த நேரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு விமானம் வந்து இறங்கியது. அதில் வந்தவர் லிங்க். கருவிகளை மட்டும் பார்த்தே ஓட்டி வந்திருந்தார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1934 ஜூன் மாதம் ராணுவம் ஆறு கருவிகளை, ஒன்று 3,500 டாலர் வீதம் வாங்கியது.

அதன்பின் கதை வேகமெடுத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட லிங்க் கருவிகள் செய்யப்பட்டன. ஐந்து லட்சம் பேர்வரை அவற்றில் பயிற்சி பெற்றார்கள். நீல நிறம் பூசியிருந்ததால் விமானிகள் அதை 'நீலப் பெட்டி' என்று அழைத்தார்கள். மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. பக்கத்து மேசையில் மூன்று சக்கரம் கொண்ட ஒரு சின்னக் கருவி, வரைபடத்தின்மேல் ஊர்ந்து, அவர் பறந்த பாதையை மையால் கோடு போட்டுக் காட்டும். அதற்கு 'நண்டு' என்று பெயர். மூடியைத் திறந்து வெளியே வந்ததும், தான் எங்கே வழி தவறினோம் என்பதை மாணவர் அந்தக் கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பு சொல்லும் பொய்

கருவிகளைப் பார்த்துப் பறப்பது அவ்வளவு கடினமா என்று நீங்கள் கேட்கலாம். கடினம்தான். காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் இருக்கும் திரவம் அசைவதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோமா இல்லையா என்பதை மூளை உணர்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சுமார் இருபது விநாடியில் அந்தத் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். திரும்புகிற உணர்வே போய்விடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். பிறகு உண்மையிலேயே விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். பழக்கமில்லாத விமானி உடம்பை நம்பி மீண்டும் பழைய பக்கமே சாய்ப்பார். சுழன்று சுழன்று கீழே போவார்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பறப்பில் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வையை மறைத்து விமானம் ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் ஆபத்து இல்லை. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பின்னர் அவர்களுக்கு எளிய முறையில் பயிற்சி கொடுத்ததும் ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஆக, சிமுலேட்டர் பிறந்தது பறக்கும் சுகத்தைக் காட்டுவதற்காக அல்ல. 'உன் உடம்பு சொல்வதைக் கேட்காதே, முள் சொல்வதைக் கேள்' என்ற ஒரே பாடத்தை, உயிர் போகாத இடத்தில் கற்றுக்கொடுப்பதற்காக.

அசையாத விமானம்

போருக்குப் பிறகு வந்தது எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 1948-இல் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காக, போயிங் 377 ஸ்ட்ராட்டோகுரூசர் விமானத்தின் முழு சிமுலேட்டரை கர்டிஸ்-ரைட் நிறுவனம் செய்து கொடுத்தது. ஒரு பயணிகள் விமான நிறுவனம் சொந்தமாக வைத்திருந்த முதல் முழுமையான சிமுலேட்டர் அதுதான். விமானி அறையில் உள்ள கருவிகளும் ஸ்விட்சுகளும் அசல் விமானத்தில் இருப்பதுபோலவே இருந்தன. பயிற்சியாளர் விரும்பிய நேரத்தில் இன்ஜின் கோளாறை உண்டாக்கலாம். ஆனால் அது அசையாது. ஜன்னலில் காட்சியும் கிடையாது. இருந்தும் விமானக் குழுவினர் மொத்த வழித்தடத்தையும் அதில் பறந்து பழகினார்கள்.

காட்சி பின்னால் வந்தது. 1960-களில் பெரிய பலகையில் ஊர், வயல், ஓடுபாதை எல்லாம் சிறு உருவில் செய்து வைத்து, அதன்மேல் தொலைக்காட்சிக் கேமராவை நகர்த்தி, அந்தப் படத்தை விமானிக்குக் காட்டினார்கள். நவராத்திரி கொலுவில் பூங்காவும் தெப்பக்குளமும் அமைப்போமே, ஏறக்குறைய அதுதான். கணினியில் வரைந்த காட்சி அதற்கும் பிறகு. ஆறு கால்களில் நின்று எல்லாப் பக்கமும் அசையும் மேடையைப் பற்றி ஸ்டூவர்ட் என்ற பொறியாளர் 1965-இல் கட்டுரை எழுதினார். டயர்களைச் சோதிக்க பிரிட்டனில் காஃப் என்பவர் அதற்கு முன்பே அப்படி ஒரு மேடையைக் கட்டியிருந்தார். இன்றைய பெரிய சிமுலேட்டர்கள் நிற்பது அந்த ஆறு கால்களில்தான்.

இந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் கருவியும் செய்முறையும். பிறகுதான் காட்சியும் முழு அசைவும். என்னைப் போன்றவர்கள் வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்துதான் பணத்தை வீணாக்குகிறோம்.

வீட்டுக்குள் வந்த வானம்

மேலே சொன்ன அதே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தவர் புரூஸ் ஆர்ட்விக். கணினித் திரையில் பறக்கும் காட்சியை உருவாக்குவது பற்றி 1975-இல் ஆய்வேடு எழுதினார். அவருடைய சப்லாஜிக் நிறுவனம் 1980 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு பறக்கும் மென்பொருளை வெளியிட்டது. சில கோடுகள், ஒரு தொடுவானம், சில மலைகள். படம் விட்டு விட்டுத்தான் நகரும். ஆனால் அது வீட்டு மேசையில் நடந்தது. 1982-இல் அதன் வழிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஐபிஎம் கணினிக்கு வந்தது. ஒரு கணினி உண்மையிலேயே ஐபிஎம்முக்கு இணையானதா என்று சோதிக்க, அக்காலத்தில் இந்த மென்பொருளை ஓட்டிப் பார்ப்பார்களாம். அவ்வளவு வேலை வாங்கும் மென்பொருள் அது.

அதில் பல ஆண்டுகள் எல்லோரும் முதலில் புறப்பட்ட இடம், சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமான நிலையம். 2003 மார்ச் இறுதியில் ஒரு இரவு, நகர மேயரின் உத்தரவுப்படி புல்டோசர்கள் அதன் ஓடுபாதையில் பெருக்கல் குறிகளாகப் பள்ளம் தோண்டின. அத்துடன் அந்த நிலையம் மூடப்பட்டது. நேரில் பார்த்தே இராத ஓர் ஓடுபாதைக்காக உலகம் முழுக்க எத்தனையோ பேர் வருந்தினார்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்றும் அதில் இறங்கலாம்.

கணினி வந்ததும் கைவினைக்காரர்கள் புறப்பட்டார்கள். அந்தக் காலத்து ஜாய்ஸ்டிக்குக்குள் இருந்தது, ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருக்கும் அதே பொட்டன்ஷியோமீட்டர். பழைய கீபோர்டைப் பிரித்து, 'ஜி' என்ற விசையின் இரு முனைகளிலும் ஒயரைச் சால்டர் செய்து, சக்கரம் இறக்கும் நெம்புகோலோடு இணைப்பார்கள். நெம்புகோலை இழுத்தால், யாரோ 'ஜி'யை அழுத்தினார்கள் என்று கணினி நம்பும். பழைய விமானங்களைப் பிரிக்கும் இடங்களிலிருந்து அசல் ஸ்விட்சுகளையும் இருக்கைகளையும் வாங்கி வந்தவர்களும் உண்டு. பிறகு யுஎஸ்பி வந்தது. 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்ற மலிவான மின்சுற்றுப் பலகை, பள்ளி மாணவர்கள்கூட முள்ளையும் விளக்கையும் கணினியோடு பேச வைக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் தன் சிமுலேட்டர் பிரிவை மூடியபோது இந்தப் பொழுதுபோக்கே முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2020 ஆகஸ்டில் அதே பெயரில் புதிய பதிப்பு வந்தது, ஊரடங்கில் உலகமே வீட்டில் அடைபட்டிருந்த நேரத்தில்.

நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

என் கதைக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கியது மூன்று பெரிய திரைகள். அடுத்தது அந்த அதிர்வுக் கருவி. கையில் பிடிக்கும் கைப்பிடியோ கையில் கிடைத்த மலிவுச் சரக்கு. ஆறு மாதத்தில் என் விமானம் தானாகவே இடதுபக்கம் போகத் தொடங்கியது. இரண்டு வாரம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் திறந்து பார்த்தால் பொட்டன்ஷியோமீட்டரின் கரித்தடம் தேய்ந்து தூசி அடைந்திருந்தது. காந்தத்தின் நகர்வை உணரும் ஹால் சென்சாரில் உரசலே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. அதை மாற்ற ஆன செலவு, ஒரு திரையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வரலாறு சொல்லும் வரிசைப்படி செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். முதலில் உறுதியான கைப்பிடி, த்ராட்டில், கால் மிதி. ஒரு சாதாரண திரை போதும். இரண்டாவது, உட்காரும் உயரமும் கை எட்டும் தூரமும் அசல் விமானத்தின் அளவில் அமைந்த மரச்சட்டம். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் சரியான ஸ்விட்ச் கையில் படவேண்டும். மூன்றாவது, வானொலி அலைவரிசை மாற்றும் திருகுகள், விளக்குகள், செய்முறைப் பட்டியல். நான்காவதாக வேண்டுமானால் பெரிய காட்சி. அசைவும் அதிர்வும் கடைசி. நம்மைப் போன்ற அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன். நான் என்னுடையதைக் கழற்றிவிட்டேன். கனமான சட்டத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சுவரில் துளை போடுவதாக இருந்தால் சங்கம் குறித்த நேரத்தில் போடுங்கள். கணினியையும் திரைகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள்.

கீழ் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி

உபயோகமா, விளையாட்டா? இரண்டும் உண்மை. அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு சிமுலேட்டரில் எத்தனை நூறு மணி நேரம் பறந்தாலும், அது விமானி உரிமத்துக்கான பறக்கும் நேரமாகச் சேராது. அதற்கு அரசு அங்கீகரித்த கருவிகள் தனி. வீட்டில் தவறாகப் பழகினால் கெட்ட பழக்கமும் சேரும். தெளிந்த வானத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஓட்ட வேண்டிய நேரத்தில், முள்ளையே முறைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் அதில் ஒன்று. இன்னொன்று, வீட்டில் தவறு செய்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம். வானத்தில் அந்தப் பொத்தான் கிடையாது.

ஆனால் செய்முறை வரிசையை மனப்பாடமாக்கவும், வானொலி உதவியோடு திசை கண்டுபிடிக்கவும், முள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண் பழக்கத்துக்கும் இது நல்ல கருவி. 1934-இல் அந்த இளைஞர்களுக்குக் கிடைக்காமல் போன பயிற்சி இதுதான். அவர்கள் துணிச்சல் குறைந்து சாகவில்லை. தப்பு செய்து பார்க்க ஓர் இடம் இல்லாமல் செத்தார்கள்.

அதனால் அவரிடம் இப்படிச் சொன்னேன்: "முதல்ல பொண்ணுக்கு கண், காது, உடம்பு எல்லாம் தகுதியா இருக்கான்னு விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை செஞ்சு பாருங்க. லட்சக்கணக்குல செலவு செஞ்சப்புறம் தெரியறதைவிட இப்பவே தெரியறது நல்லது. கருவி எதுவும் இப்ப வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்க அனுப்புங்க."

அந்தப் பெண் வந்தாள். முதல் நாள் வெளிக்காட்சித் திரைகளை அணைத்துவிட்டேன். கருவிகள் மட்டும். "அங்கிள், எதுவுமே தெரியலையே" என்றாள். "தெரிய வேண்டியது எல்லாம் உன் முன்னாடி இருக்கு" என்றேன். முதல் முறை இரண்டரை நிமிடத்தில் விமானம் தரையில் மோதியது. முகம் வாடிவிட்டது. அவளுக்கு அந்த 178 விநாடிக் கதையைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்தாள். இப்போது அரை மணி நேரம் முள்களை மட்டும் பார்த்து நேராகப் பறந்து, திரும்பி வந்து, ஓடுபாதைக்கு எதிரே வந்து நிற்கிறாள். கடைசி நேரத்தில்தான் நான் திரையைப் போடுவேன். மேகத்துக்குக் கீழே விளக்குகள் வரிசையாகத் தெரியும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் போகிறார்கள். முடிவு எப்படி வந்தாலும், உடம்பு சொல்வதை மட்டும் நம்பாமல் ஆதாரத்தைப் பார்த்து முடிவெடுக்க அவள் பழகிவிட்டாள். அது எந்த வேலைக்கும் உதவும்.

நம் குடியிருப்புப் பிள்ளைகள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் அழைத்து வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவேண்டும், கால் மிதிகள் தூசி தாங்காது. கிரைண்டர் சத்தம் இனி வராது என்று கீழ் வீட்டுக்காரருக்கு இந்த இதழ் வழியாகவும் உறுதி கூறுகிறேன்.